தேங்காப்பட்டணம் முதல் மணக்குடி வரை: நீரின் வழியே ஒரு மிதிவண்டிப் பாதை

கன்னியாகுமரி மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியில், சுசீந்திரம் குளத்தையும் தேரூர் குளத்தையும் மணக்குடிக் கழிமுகத்தையும் ஒரே பெயரின்கீழ் சேர்த்து 2015ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒரு பாதுகாப்புக் காப்பகத்தை அறிவித்தது. காப்பகம் என்றவுடன் வேலியும் வாயிற்கதவும் நுழைவுச்சீட்டும் நினைவுக்கு வருவது இயல்பே எனினும், இங்கு அவற்றுக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே புகுந்த இவ்வகைக் காப்பகம், அரசுக்குச் சொந்தமான நிலத்தையும் நீரையும் அங்கு வாழும் மக்களின் உரிமைகளைப் பறிக்காமல், அவர்களோடு கலந்து பேசிக் காப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகம் 2005இல் பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியின் திருப்புடைமருதூரில்தான் அமைந்தது. ஆகவே சுசீந்திரம் குளத்தின் கரையில் பேருந்து ஓடுவதும், தேரூர் வயலில் நாற்று நடுவதும், மணக்குடியில் வலை வீசுவதும் காப்பகத்துக்குப் புறம்பான செயல்கள் அல்ல. அவற்றின் நடுவில்தான் காப்பகம் இருக்கிறது. மிதிவண்டியில் சுற்றிப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஈரநிலம் தமிழகத்தில் அரிது என்பதற்கு முதற்காரணமும் இதுவே.

ஈரநிலம் என்பது ஆண்டு முழுவதுமோ ஆண்டின் ஒரு பகுதியிலோ நீர் தேங்கி நிற்கும் நிலப்பரப்பு. குளம், சதுப்பு, கழிமுகம், உப்பளம், நெல்வயல் அனைத்தும் இதில் அடங்கும். ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைப் பட்டியலிட்டு வருகிறது. தமிழகத்தில் 2002 முதல் இருபது ஆண்டுகள் கோடியக்கரை ஒன்றே அப்பட்டியலில் இருந்தது. 2022ஆம் ஆண்டு மேலும் 13 இடங்கள் சேர்ந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு கிடைத்தன: 94 ஹெக்டேர் பரப்புள்ள சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியும், நாகர்கோவிலுக்கு மேற்கே 20 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும். பரப்பளவில் இவை மிகச் சிறியவை. வடக்கே சைபீரியா, நடு ஆசியா வரை நீளும் வலசைப் பாதை இந்தியத் தீபகற்பத்தின் தென்முனைக்கு வந்து சேருமிடத்தில் நன்னீரும் உவர்நீரும் சில கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதே இவற்றின் சிறப்பு.

இக்காப்பகத்துக்குக் குழித்துறையிலிருந்து மிதிவண்டியில் செல்வது, சுற்றுலா வசதிக்காக மட்டும் சொல்லப்படும் யோசனை அன்று; அதற்கு நீரியல் சார்ந்த நியாயம் ஒன்று உண்டு. பேச்சுவழக்கில் மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று சொல்லிவிடுவதுண்டு. மரபுப்படி நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களே. குழித்துறை, விளவங்கோடு வட்டத்தின் தலைநகரம். இரண்டு பகுதிகளின் நிலமும் பயிரும் பேச்சும் வேறு. ஆனால் தண்ணீர் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் கோதையாறும் பறளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் கலந்து, குழித்துறை வழியே ஓடித் தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலில் விழுகின்றன. இதையே மக்கள் குழித்துறையாறு என்றும் தாமிரபரணி என்றும் அழைக்கின்றனர். கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீரில் ஒரு பகுதி கால்வாய் வழியே பறளியாற்றுக்குத் திருப்பப்பட்டு, புத்தன் அணையிலிருந்து பாண்டியன் கால் என்னும் பழைய வாய்க்கால் மூலம் பழையாற்றுப் படுகைக்குள் நுழைகிறது. பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களையும் குளங்களையும் நிரப்பியபின் சுசீந்திரத்தைத் தொட்டு மணக்குடியில் கடலைச் சேர்கிறது. எனவே தேங்காப்பட்டணம், மணக்குடி என்னும் இரு கழிமுகங்களும் ஒரே மலைநீர் கடலில் சேரும் இரு வாய்கள் என்று கொள்வது மிகையாகாது. அவ்விரண்டையும் இணைத்து ஓட்டும் மிதிவண்டிப் பயணத்தில், அணைப் பொறியாளர்களும் அவர்களுக்கு முந்தைய வேளாண்மக்களும் நீரைப் பங்கிட்ட கணக்கு கண்முன் விரியும்.

குழித்துறையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படுபவர் முதலில் சந்திப்பது மேடும் பள்ளமுமான செம்மண் நிலம். விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் சாலைகள் நீண்ட ஏற்றங்கள் கொண்டவை அல்ல. ஆனால் சில நூறு மீட்டர் செங்குத்தாக ஏறி உடனே இறங்கி மறுபடி ஏறும் இயல்புடையவை. கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் வருவோர் இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆற்றின் குறுக்கே குழித்துறையில் உள்ள சப்பாத்து, அதாவது வெள்ளம் வந்தால் மூழ்கும்படி தாழ்வாகக் கட்டப்பட்ட பாலம், வறண்ட மாதங்களில் இன்பமான குறுக்குவழி. மழைக்காலத்தில் அணைகள் திறக்கப்படும்போது அடைக்கப்பட்டுவிடும். புதுக்கடை வழியாகத் தேங்காப்பட்டணம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடியவர்கள்மீது திருவிதாங்கூர்–கொச்சி அரசின் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்திய ஊர்களுள் புதுக்கடையும் ஒன்று என்பதைக் கடைவீதியைக் கடக்கும் வெளியூர்க்காரர்களில் பலர் அறிவதில்லை.

தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் மீன்பிடித் துறைமுகமும் அதன் அலைத்தடுப்புச் சுவர்களும் எழுந்தபின் கழிமுகத்தின் பழைய தோற்றம் பெரிதும் மாறிவிட்டது. கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிக் குடிநீர்க் கிணறுகளைக் கெடுப்பதைத் தடுக்கச் சற்று மேலே பரக்காணியில் தடுப்பணை கட்டவேண்டி வந்தது. இங்கிருந்து கிழக்கே செல்லும் மேற்குக் கடற்கரைச் சாலையின் அருகே, பாசியும் ஆகாயத்தாமரையும் மூடிய ஒரு நீர்ப்பாதை விட்டுவிட்டுத் தென்படும். சாக்கடை என்று எண்ணிக் கடந்துவிடக்கூடிய அது, 1860ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகுவழியால் இணைப்பதே நோக்கம். ஊர்க்கடவுள், பேரரசி, மன்னர் ஆகிய மூவரின் பெயரும் சூட்டப்பட்டும் அது மண்டைக்காட்டுப் பகுதியைத் தாண்டிச் செல்லவில்லை. திட்டம் நிறைவேறியிருந்தால் மணக்குடிக் கழிமுகம் அன்றே படகுத்துறையாகியிருக்கும். பறவைகளுக்கு அது நன்மையாக இருந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

1741இல் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மாவின் படை முறியடித்த குளச்சல், அதன் நினைவுத்தூணோடு வழியில் வருகிறது. மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணல் கருமையாக இருப்பதற்குக் காரணம் அதில் கலந்துள்ள இல்மனைட், மோனசைட் முதலிய கனிமங்கள். அவற்றைப் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசு நிறுவனத்தின் ஆலை இங்குள்ளது. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையே மீன் லாரிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் நீரும் காற்று அள்ளி வரும் மணலும் சாலை வளைவுகளை வழுக்கலாக்கும். மெல்லிய டயர் உள்ள ரோடு பைக்கில் வருவோர் இப்பகுதியில் வேகம் பாராட்டாமல் இருப்பது நல்லது. மாசி மாதத்தில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் கொடைவிழா நடக்கும் பத்து நாட்களும் இச்சாலையை மிதிவண்டிக்காரர் மறந்துவிட வேண்டும். முட்டத்தின் பாறைக்குன்றும் கலங்கரை விளக்கமுமே கடலோரத்தின் ஒரே குறிப்பிடத்தக்க ஏற்றம்.

முட்டத்தைக் கடந்து ராஜாக்கமங்கலம் வந்தபின் நிலம் தாழ்கிறது, ஏற்றமிறக்கம் மறைகிறது. புவிசார் குறியீடு பெற்ற நெட்டைத் தென்னைக்குப் பெயர்போன ஈத்தாமொழியின் தோப்புகள் வழியே, கடலையும் வயலையும் மாறிமாறிக் காட்டியபடி சாலை சொத்தவிளை, மேலமணக்குடி நோக்கிச் செல்கிறது. குழித்துறையிலிருந்து இதுவரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே இருந்த கான்கிரீட் பாலத்தை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பெயர்த்து உள்நோக்கி எறிந்தது. ராணுவம் அமைத்த தற்காலிக இரும்புப் பாலம் சில ஆண்டுகள் இரு ஊர்களையும் இணைத்தது. இப்போதுள்ள பாலம் அதற்குப்பின் கட்டப்பட்டது. அதன் நடுவில் நின்றால் ஒருபுறம் பொழிமுகம், மறுபுறம் அலையாத்தி மரங்கள். பொழி என்பது ஆற்றின் வாயை அடைத்து நிற்கும் மணல்திட்டு. கோடையில் ஆற்றின் ஓட்டம் நலியும்போது கடலலை அதைக் கட்டி எழுப்புகிறது. மழைவெள்ளம் அதை உடைக்கிறது, அல்லது வயல்கள் மூழ்கும் அபாயம் வரும்போது மனிதரே வெட்டி விடுகின்றனர். பொழி அடைந்திருக்கும்போது உள்ளே நீர் உயர்ந்து உவர்ப்பு குறைகிறது. திறந்தபின் நீர் வடிந்து சேறு தெரிகிறது, ஓதத்தோடு உப்பும் ஏறுகிறது. சேற்றில் இரைதேடும் உள்ளான் வகைகள் எந்த வாரம் வரும், எந்த வாரம் வராது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இம்மணல்திட்டின் நிலைதான். நாட்காட்டியை மட்டும் பார்த்துப் பறவை காண வருவோர் சிலவேளை ஏமாந்து திரும்புவதும் இதனாலேயே.

முழுப் பயணத்துக்கு நேரமோ தெம்போ இல்லாதவர்கள் காப்பகத்தை மட்டும் வளைத்துவர ஒரு சுற்றுவழி போதும். ஏழுநிலைக் கோபுரமுடைய தாணுமாலயன் கோவில் அமைந்த சுசீந்திரத்தில் தொடங்கி, தேரூர், பொற்றையடி, மருந்துவாழ்மலை அடிவாரம், சாமிதோப்பு, கீழமணக்குடி, பாலம், மேலமணக்குடி, புத்தளம் வழியாக மீண்டும் சுசீந்திரம் வந்தால் 30 கிலோமீட்டர் அளவில் முடியும். இடையில் நிற்காமல் ஓட்டினால் இரண்டு மணி நேரம். நிற்காமல் ஓட்டுபவருக்கு இங்கு வேலையில்லை. இச்சுற்றில் ஐந்துவகை நீர்நிலைகள் அடுத்தடுத்து வருகின்றன: தாமரையும் அல்லியும் படர்ந்த குளம், நெல்வயல், உப்பளம், கழிமுகம், ஆறு. குளத்தின் இலைகள்மேல் நீளவால் இலைக்கோழி நடக்கும். கரையோரக் கோரையில் நீலத் தாழைக்கோழி மேயும். நடுநீரில் கூழைக்கடாவும் நீர்க்காகமும். வயலில் நத்தைக்குத்தி நாரையும் சங்குவளை நாரையும் அரிவாள் மூக்கனும் நிற்பது, அறுவடையும் உழவும் நடக்கும் நாட்களைப் பொறுத்தது. சாமிதோப்பு, புத்தளம் பகுதி உப்பளப் பாத்திகளில் நெடுங்கால் உள்ளானும், நற்பருவங்களில் பூநாரையும் காணலாம்.

இக்குளங்கள் எவையும் இயற்கையாகத் தோன்றியவை அல்ல. குறுக்கே மண்கரை எழுப்பி, மடை வைத்து வயலுக்கு நீர்விட்டு, மிகுந்த நீரை மறுகால் வழியே அடுத்த குளத்துக்கு அனுப்பும்படி வகுக்கப்பட்ட தொடரின் உறுப்புகள் அவை. அந்த மண்கரைகளே பின்னர் வண்டிப்பாதையாகி, தார் பூசப்பட்டு, இன்றைய ஊர்ச்சாலைகளாயின. ஆகவே இங்கு மிதிவண்டிக்காரர் ஓட்டிச் செல்லும் சாலை ஈரநிலத்தைச் சுற்றிப் பின்னாளில் போடப்பட்டது அன்று. ஈரநிலத்தை உண்டாக்கியதே அந்தச் சாலையின் அடிமண். கரைச்சாலை வழக்கமாக ஒரு புறம் நீரும் மறுபுறம் தாழ்ந்த வயலுமாக, இரண்டையும் ஒரே பார்வையில் காட்டும் உயரத்தில் இருக்கும். காரில் செல்பவருக்கு அந்தக் காட்சி சில நொடிகளில் முடிந்துவிடும். நடப்பவருக்கு ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்குச் செல்வதற்குள் வெயில் ஏறிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மிதிவண்டியின் வேகமே இக்கரைகளுக்கு ஏற்றது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த தேரூரைச் சுற்றியுள்ள கரைகளில் இந்த உண்மை மிகத் தெளிவாக விளங்கும்.

மிதிவண்டி ஓசையற்றது என்பதால் பறவைக்குத் தொல்லை தராது என்பது பாதி உண்மையே. சாலையோரக் குளங்களில் வாழும் பறவைகள் ஓடிக்கொண்டே இருக்கும் வாகனங்களுக்குப் பழகிப்போனவை. பேருந்து ஒலிப்பானுக்கே அசையாத நாரை, ஒருவர் வண்டியை நிறுத்திக் கரையை நோக்கி இரண்டடி வைத்ததும் எழுந்துவிடும். உடல் கொழுப்பைச் சேமித்து நெடுந்தொலைவு திரும்ப வேண்டிய வலசைப் பறவைக்கு இப்படி எழுந்தடங்கும் ஒவ்வொரு முறையும் இரைநேர இழப்பு. ஆகவே நிற்க வேண்டிய இடத்தில் நீர்ப்பக்கம் செல்லாமல் வயல்பக்க ஓரத்தில், முடிந்தால் ஒரு மரத்தின் மறைவில் நிற்பதும், கூட்டமாகச் செல்வோர் ஒரே இடத்தில் குவியாமல் பிரிந்து நிற்பதும் தக்க முறைகள். இருகண் நோக்கி ஒன்று கழுத்தில் இருந்தால் அருகே செல்லும் ஆவலும் தானே குறையும்.

காலத்தைப் பொறுத்தவரை, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையோடு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் மேற்குக்காற்றும் சேரும்; முப்பந்தலில் காற்றாலைகள் நிறுவப்படக் காரணமான காற்று அது. அக்டோபர், நவம்பரில் மழை மீண்டும் வரும்; 2017ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. டிசம்பர் நடுப்பகுதி தொடங்கி மார்ச் தொடக்கம் வரை வானம் தெளிந்து, குளங்கள் நிறைந்து, வலசைப் பறவைகளும் தங்கியிருக்கும். அப்பருவத்திலும் மார்கழித் தேரோட்ட நாட்களில் சுசீந்திரத்தின் தெருக்கள் மிதிவண்டிக்கு உரியவை அல்ல. காலையில் காற்று மெல்லியதாக இருக்கும். நண்பகலுக்குப்பின் கடற்காற்று தென்மேற்கிலிருந்து எழும். தேங்காப்பட்டணத்திலிருந்து மணக்குடி நோக்கிச் செல்வோருக்கு அது பக்கவாட்டிலும் பின்னிருந்தும் துணைசெய்யும். எதிர்த்திசையில் வருவோர் மாலையில் அதன் விலையைக் கொடுப்பர்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் மணலுக்கும் தாருக்கும் ஒருசேர ஒத்துவரும். உப்புக்காற்று செயினையும் பிரேக் கம்பியையும் விரைவில் துருவேற்றும் என்பதால், திரும்பியதும் நன்னீரால் கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

மிதிவண்டிக்கும் ஈரநிலத்துக்குமான உறவை மற்ற இடங்களில் திட்டமிட்டே வளர்த்துள்ளனர். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவும் மன்னர் காலத்தில் அணையிட்டு உண்டாக்கப்பட்ட ஈரநிலமே. அங்கு வாயிலிலேயே வாடகைக்கு சைக்கிள் கிடைக்கிறது, சைக்கிள் ரிக்ஷாக்காரர்கள் பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டுகின்றனர். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995ஆம் ஆண்டு ஒரு சுரங்கப் பொறியாளரின் யோசனைப்படி ஊர்ச்சாலைகளின் சந்திப்புகளுக்கு எண்கள் இடப்பட்டன. தனிப்பாதை எதுவும் போடாமல், எண்களைக் குறித்துக்கொண்டு தத்தம் வழியைத் தாமே கோத்துக்கொள்ளும் அம்முறை பின்னர் நெதர்லாந்து முழுவதும் பரவியது. அதே லிம்பர்க்கில் 2016இல் ஒரு குளத்தின் நடுவே, நீர்மட்டம் ஓட்டுபவரின் கண்ணளவில் இருக்கும்படி பள்ளமாகக் கான்கிரீட் பாதை அமைத்துப் புகழ்பெற்றனர். நாஞ்சில் நாட்டுக்கு இவற்றுள் ஏற்றது எண்பலகை முறைதான். கரைச்சாலைகள் ஏற்கெனவே இருக்கும்போது குளத்துக்குள் கான்கிரீட் இறக்குவது வீண் ஆடம்பரம். அதிலும், நான்குவழிச்சாலைக்காகக் குளங்களின் குறுக்கே மண் கொட்டப்பட்டதை எதிர்த்து மக்கள் போராடிய மாவட்டத்தில் அது தவறான முன்மாதிரியும் ஆகும். கரைச்சாலையை அகலப்படுத்துவதும் மிதிவண்டிக்குச் செய்யும் உதவி அன்று. அகலமான சாலை வேகமான வாகனத்தை அழைக்கும். கரையோர மரங்களையும் கோரையையும் கொண்டுபோகும்.

திரும்பும் வழியில், சுசீந்திரத்திலிருந்து குழித்துறைக்கு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாக நெடுஞ்சாலையே குறுகியது. ஏறத்தாழ 36 கிலோமீட்டர். ஆனால் நாகர்கோவில் தொடங்கி மார்த்தாண்டம் மேம்பாலம் வரை நெரிசல் அடங்குவதே இல்லை. நாகர்கோவிலைத் தாண்டியதும் மேற்கே விலகி வேம்பனூர் குளத்தைப் பார்த்து, இரணியல் வழியாக ஊர்ச்சாலைகளில் தக்கலையை அடைவது சில கிலோமீட்டர் கூடுதலானாலும் மேலானது. முழுச்சுற்றும் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும் என்பதால், நாகர்கோவில் சந்திப்பில் மிதிவண்டியைப் பொதியாகப் பதிந்து ரயிலேறிக் குழித்துறை நிலையத்தில் இறங்குவதும் உண்டு. அதற்கு, பொதிப்பெட்டி உள்ள வண்டி எது, அது குழித்துறையில் நின்று பொதியை இறக்க எத்தனை நிமிடம் தருகிறது என்பதை முன்னாளே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.